ரென்னிக் வீட்டு ஓதம்

குன்றின் மேல் இருக்கிற கிளைவ் ரென்னிக்கின் வீட்டுக்குள் தினமும் இரண்டு முறை கடல் ஏறி இறங்கியது. பக்கத்து வீடுகளில் தரை உலர்ந்தே இருந்தது. முதலில் பின்பக்கம் துணி துவைக்கும் அறையில் ஈரம் கசியும். பிறகு சமையலறை, கூடம், படுக்கையறை என்று தண்ணீர் நடந்து வரும். கடலேற்றம் உச்சத்தைத் தொடும் முழு ஓதத்தில் முழங்கால் அளவுக்கு நின்றுவிட்டு வந்த வழியே வடிந்து போகும். போகும்போது கொஞ்சம் மணலும் பாசியும், சில நாட்களில் வழி தவறிய ஒரு நண்டும் மிஞ்சும். வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டுகூடத் தெருவுக்கு வந்ததில்லை. ஊருக்குக் கீழே முகத்துவாரத்தை ஒட்டியிருந்த கூழைக்கடாச் சதுப்பின் கடைசி வாய்க்காலை லாரி மண் கொட்டி அடைத்த செவ்வாய்க்கிழமையன்று இது தொடங்கியது. அப்போது கிளைவ் எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அடுத்த தேர்தலில் அமைச்சராகிவிடுவார் என்று ஊரில் பேச்சு இருந்தது.

எங்கள் ஊர் டோரன் குடா. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், ஒரு காலத்தில் எஃகு வார்த்துக்கொண்டிருந்த ஊர். ஆலையை மூடி, இயந்திரங்களைக் கப்பலேற்றி விற்ற பிறகும் முறை மாறுகிற நேரங்களில் ஆலைச் சங்கு இரண்டு வருடம் ஊதிக்கொண்டிருந்தது. பழைய ஆட்கள் சாப்பாட்டுப் பெட்டியோடு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கிளைவின் அப்பா அந்த ஆலையில் பளுதூக்கி ஓட்டியவர். கிளைவ் பேருந்து ஓட்டினார். ஏறுகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார். மூட்டுவலிக்காரர் யாராவது நிறுத்தத்துக்கு வரத் தாமதமானால் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார், பின்னால் இருப்பவர்கள் முணுமுணுத்தாலும். அப்படிக் காத்திருந்து காத்திருந்தே ஓட்டுநர் சங்கச் செயலாளரானார், பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். அரசாங்கம் மூடப் பார்த்த குழந்தைகள் மருத்துவப் பிரிவைத் திறந்தே வைக்கச் செய்தவர் அவர்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அவர் வெளியிடத்தில் பேச எழுந்தால் காற்று நின்றுவிடும். ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் கடைசி ஆள்வரை கேட்கும். பாய்மரப் படகுச் சங்கத்தினர் மட்டும், பந்தய நாட்களில் அவரைப் பேசக் கூப்பிட வேண்டாமென்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் மனைவி நோரீன், அந்தப் பிரிவு இருந்த மருத்துவமனையில் சமையல்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். நோரீனின் அண்ணன் மெர்வ் இறால் படகு வைத்திருந்தார். கிளைவும் மெர்வும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒவ்வொரு தேர்தலிலும் தெருத்தெருவாகப் போய்க் கிளைவின் படத்தை வேலிகளில் கட்டியது மெர்வ்தான். படத்துக்குக் கீழே தவறாமல் இறால் வாடை அடிக்கும். அதைவைத்தே எது அசல் விளம்பரம், எது எதிர்க்கட்சிக்காரன் மாற்றிக் கட்டியது என்று கண்டுபிடிப்போம்.

நான்காவது தேர்தல் கடினமாக இருந்தது. தலைநகரில் கட்சிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். இழுபறித் தொகுதி பத்து இருக்கும்போது டோரன் குடாவுக்குச் செலவழிக்க முடியாது என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் கார்த் பெவன் வந்தார். பெவன் மனை வாங்கி அடுக்குமாடி கட்டி விற்பவர். கூழைக்கடாச் சதுப்பை நிரப்பி அங்கே குடியிருப்பும் உல்லாசப் படகுத்துறையும் கட்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காக அலைந்துகொண்டிருந்தார். எங்கள் மாநிலத்தில் மனை வணிகர்கள் தேர்தலுக்கு நன்கொடை தரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பெவனுக்கும் அது தெரியும், கிளைவுக்கும் தெரியும். அதனால் பணம் சாதாரண மனிதர்களின் பெயரில் வருவதாக ஏற்பாடாயிற்று.

கிளைவ் படகுத்துறைக்குப் போனபோது மெர்வ் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உன் பேர் ஒண்ணு வேணும் மெர்வ்."

"எடுத்துக்க. நான் அதை அதிகம் பொழங்கறதில்ல. எதுக்கு?"

"நன்கொடைக் கணக்குக்கு. காசு வேற ஆளோடது. அவரு பேர் வெளிய வரக் கூடாது."

மெர்வ் ஊசியை நிறுத்தினார். "தப்பான காசா?"

"காசு நல்ல காசுதான். சட்டந்தான் கோணலா இருக்கு."

"சரி விடு. ஆனா நோரீன்கிட்ட சொல்லிராத. இவ்ளோ வச்சிருக்கிறவன் முதல்ல படகுக்குப் பெயின்ட் அடிடான்னு உயிர வாங்குவா."

இருவரும் சிரித்தார்கள். யாருடைய காசு என்று மெர்வ் கேட்கவில்லை. கிளைவ் எது கேட்டாலும் அவர் திருப்பி எதையும் கேட்டதில்லை.

கிளைவ் மயிரிழையில் ஜெயித்தார். வெற்றி விழாவில் நன்றி சொல்ல எழுந்தபோது காற்று நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தது. முன்வரிசையைத் தாண்டி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வயதாகிறது, தொண்டை போயிருக்கும் என்று பேசிக்கொண்டு நாங்கள் தொத்திறைச்சி ரொட்டிக்கு வரிசையில் நின்றோம்.

அடுத்த வருடமே சதுப்பை நிரப்ப அனுமதி கிடைத்தது. சபையில் அதை ஆதரித்துக் கிளைவ் பேசினார். ஆலை போன ஊருக்கு வேலை வேண்டும் என்றார், அது பொய்யும் இல்லை. மெர்வ் குன்றேறி வந்தார்.

"அது இறால் குஞ்சு பொரிக்கிற எடம்ப்பா. அத மூடிட்டா முகத்துவாரத்துல ஒண்ணும் மிஞ்சாது."

"வடக்குப் பக்கம் போய்ப் பொரிக்கும்னு நிபுணர்கள் அறிக்கை குடுத்திருக்காங்க."

"இறாலுக்குச் சொல்லிட்டாங்களா?"

கிளைவ் தேநீரை ஊற்றி நீட்டினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் மெர்வுக்குத் தன் பெயர் எங்கே போனதென்று புரிந்தது. தேநீரை முழுதும் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடல் வீட்டுக்குள் வந்த முதல் வாரம் அதை மறைத்தார்கள். நோரீன் மருத்துவமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இருந்த துண்டு போர்வையெல்லாம் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாய் வேலை செய்யும் ஸ்டான் பிகாட் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையை உடைத்துப் பார்த்தார், கடைசியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது குழாய்த் தண்ணி இல்ல நோரீன், கடல். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, வந்து போனதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். வெள்ளத்துக்குத்தான் காப்பீடு, ஓதத்துக்கு இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் பதில் அனுப்பியது. ஸ்டான் வாயைத் திறந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஜோடி க்ரீவ் என்ற பெண் வந்தார். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று கேட்டார்:

"தண்ணி வர்றது இருக்கட்டும் கிளைவ். அது ஏன் உங்க வீட்டுக்கு வருது? சதுப்பை வாங்கினது பெவன், மண்ணு கொட்டினது பெவன். அவரு வீடு கரையிலயே இருக்கு. அங்க போய்ப் பாத்துட்டுத்தான் வர்றேன். புல்லுக்கு லாரியில தண்ணி வாங்கி ஊத்துறாங்க."

"டீ சாப்பிடறீங்களா?" என்றார் கிளைவ்.

தேநீர் உப்புக் கரித்தது. ஜோடி அதைக் குடித்து முடித்தார். பிறகு ஆறேழு மாதம் அந்தக் கேள்வியையே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். கிளைவுக்கு நன்கொடை கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். முதியோர் இல்லத்தில் படுத்திருந்த, பெவனின் மேஸ்திரிக்கு மாமியார் ஒருவர், தான் கொடுத்த தொகையைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு, மிச்சம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். மெர்வ் மட்டும், "ஆமா, நாந்தான் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஜோடி எழுதியதன்பேரில் ஊழல் விசாரணை ஆணையம் தலைநகரில் கூடியது. ஊர் முழுக்கப் படைவீரர் சங்கத்து மதுக்கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். மெர்வ் யாரிடமோ ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கை நீளம் போதவில்லை. ஆணையத்தின் வக்கீல் ஒரு பெண்மணி, குரலை உயர்த்தாமலே கேட்கிறவர்.

"இவ்வளவு பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?"

"இறால் வித்த காசு."

"அந்த வருஷம் உங்க படகு பாதி நாள் பழுதுல கரையில நின்னிருக்கு."

"மீதி நாள் நல்லா ஓடிச்சு."

மதுக்கூடத்தில் சிரித்தோம்.

"உங்க பேரைக் குடுக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா? சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரும் கேக்கல. எனக்குக் கிளைவைப் பிடிக்கும்."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. கேமரா திரும்பியபோது மூன்றாவது வரிசையில் கிளைவ் தெரிந்தார். தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கம்பளத்தில் பரவியிருந்தது. பக்கத்தில் நோரீன் தரையைப் பார்க்கவில்லை. கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் தாள்களை அடுக்கி, மெர்வ் கூண்டிலிருந்து இறங்கி, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தடுமாறி வெளியே போகும்வரை கிளைவ் எழவில்லை.

காரில் திரும்பி வரும்போது பாதி வழிக்கு மேல் ஆனபிறகு நோரீன் பேசினார்.

"நீ எந்திரிப்பேன்னு நெனச்சேன்."

"வாயைத் தெறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு நோரீன்."

"மெர்வுக்கு வக்கீலே இல்ல கிளைவ்."



ஊரில் மெர்வைப் பார்த்தால் கேலி செய்தோம். "என்ன மெர்வ், என் கூரை ஒழுகுது, ஒரு நன்கொடை குடேன்" என்று மதுக்கூடத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். "வரிசையில வாங்கப்பா, எல்லாருக்கும் உண்டு" என்று அவரும் சிரித்தார். ஒரு மாதம் போல அப்படிச் சிரித்தார். பிறகு மதுக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

கிளைவின் முறை வந்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டிருந்தது. அதற்குள் பெவன் ஆணையத்தோடு பேசி, தண்டனை குறையும் என்ற உறுதியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கிளைவ் கூண்டில் ஏறியதும், வக்கீல் கேட்பதற்கு முன்பே, "மெர்வோட பேரை நான்தான் கேட்டு வாங்கினேன். யாரோட காசுன்னு அவனுக்குத் தெரியாது" என்றார். அது உண்மை. அதை அவர் சொன்னதற்கு இப்போது எந்தப் பயனும் இல்லை. ஆணையத்திடம் அது ஏற்கெனவே இருந்தது. அன்று மாலையே பதவி விலகினார். கட்சி அவரை நீக்கியது. குழந்தைகள் பிரிவின் வாசலில் இருந்த அவர் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். கழற்ற வந்தவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்ட தாதி, சிறு வயதில் அந்தப் பிரிவில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவள், அழுதுகொண்டே பிடித்துக்கொண்டாள்.

நன்கொடை வாங்கியதற்காகக் கிளைவ் மேல் வழக்குப் போடச் சட்டத்தில் கெடு முடிந்துவிட்டிருந்தது. சத்தியம் செய்து பொய் சொன்னதற்குக் கெடு கிடையாது. எனவே சிறைக்குப் போனவர் மெர்வ். அவர் போன அன்று நோரீன் ஒரு பெட்டியில் துணிகளை எடுத்துக்கொண்டு, "அவன் நாய்க்குச் சோறு வைக்க ஆள் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிந்திய வருடங்கள் சீக்கிரம் போயின. சதுப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. அப்போதிருந்த ஆட்சி போய் அடுத்தது வந்து அதுவும் போயிற்று. கிளைவ் மேசை நாற்காலிகளைச் செங்கல் வைத்து உயர்த்திப் பார்த்தார், பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். கடைசியில் ஒரு சிறு துடுப்புப் படகை வாங்கி, படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் கயிறு கட்டி, அதில் மெத்தை போட்டுத் தூங்கினார். சமையலறை மூலையில் அலையாத்திக் கன்று முளைத்தது. கூழைக்கடாக்கள் கூரையில் தங்கின. நகராட்சி அளவையாளர் வந்து பார்த்து, அந்த மனையைக் 'கடலோரம்' என்று வகை மாற்றி வரியை உயர்த்தினார். கிளைவ் மறுப்புத் தெரிவிக்காமல் கட்டினார். கடைத்தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் தலையசைத்தார்கள், நிற்கவில்லை. எல்லோருடைய பெயரும் அவருக்கு இன்னும் நினைவிருந்தது. பிறர் பேசினாலொழிய அவராகப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

மெர்வ் வெளியே வந்தபோது முகத்துவாரத்தில் இறால் இல்லை. படகை விற்றுவிட்டார். நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தங்கை சமைத்ததைச் சாப்பிட்டு, நாயோடு கரையில் நடந்தார். ஒரு வசந்த காலத்தில் ஸ்டான் பிகாட் அவரிடம் வந்து, "கிளைவ் வீட்டுக் கூடத்துல கண்ணாடி மாதிரி என்னமோ லட்சக்கணக்குல நீந்துது. அது என்னன்னு உன்னால மட்டுந்தான் சொல்ல முடியும்னு கிளைவ் சொல்றாரு" என்றார். ஒரு வாரம் கழித்து மெர்வ் சின்னக் கைவலையோடு குன்றேறினார். வாசலில் கிளைவ் நின்றிருந்தார்.

"எங்க?"

"கூடத்துல. நல்லா ஏறியிருக்கு, பாத்து வா."

மெர்வ் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு உள்ளே போனார். வலையை அலசி எடுத்து, உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அத்தனையும் இறால் குஞ்சு, நகத்தளவுகூட இல்லை. பிறகு கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி அவற்றைப் போகவிட்டார்.

"இன்னும் பெருசாகணும். யாரையும் புடிக்க விடாத. வெளக்கைப் பிரகாசமா போடாத, அதுங்களுக்கு ஆகாது."

"சரி. மெர்வ், நான் அன்னிக்கி..."

"வேணாம் கிளைவ்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் மாதிரி சொன்னார். வலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர்கள் பேசியது அவ்வளவுதான். அடுத்த குளிர்காலத்தில் மெர்வ் கரையில் நடக்கும்போதே உட்கார்ந்து இறந்துபோனார். நாய் பக்கத்தில் இருந்தது.

அடக்கத்துக்கு வரலாமா என்று கிளைவ் தொலைபேசியில் கேட்டார். நோரீன், "வா. பின்னாடி நில்லு" என்றார். கிளைவ் தேவாலயத்துக்கு வெளியே கார்களுக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் கை கொடுக்கவில்லை. வீடு திரும்பியபோது நீர் வற்ற வேண்டிய நேரம். ஆனால் கூடத்தில் அது முழு அளவில், அசையாமல் நின்றிருந்தது. மறுநாள் காலைவரை வடியவில்லை. பத்திரிகை அதை மழையளவுக்குக் கீழே ஒரு வரியில் போட்டது.

கோடையில் முகத்துவாரத்தில் இறால் மறுபடி கிடைத்தது. முன்போல் இல்லை, ஆனாலும் இரண்டு படகுகள் போய் வரும் அளவுக்குக் கிடைத்தது. எந்த வழியாக அவை குன்றிலிருந்து இறங்கின என்று யாரும் ஆராயவில்லை. படகுக்காரர்கள் கிளைவுக்கு நன்றி சொல்லவுமில்லை. சதுப்பை அடைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நோரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். கடல் வடிந்த நேரம் பார்த்து வருவார், ஏதாவது சமைத்து எடுத்து வருவார், தண்ணீர் திரும்புவதற்குள் போய்விடுவார். பெரும்பாலும் நாயைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒரு ஞாயிறு, துணி துவைக்கும் அறையில் ஈரம் கசிகிற சத்தம் கேட்ட பிறகும் அவர் எழவில்லை. நாயைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டுத் தானும் விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"தண்ணி வருது நோரீன்" என்றார் கிளைவ்.

"தெரியுது. நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"இல்ல. நெனைக்கல."

"கொஞ்சம் நகந்து உக்காரு. சாஞ்சிரப்போகுது."

கிளைவ் நகர்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் ஏறி, படகு தரையை விட்டு எழும்பி, கயிறு போகும் தூரத்துக்குப் போய் நின்றது. நாய் ஒரு முறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

இப்போது எங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஓத நேரங்களைத் துறைமுகம், முகத்துவாரம், ரென்னிக் வீடு என்று மூன்று இடங்களுக்குப் போடுகிறார்கள். ரென்னிக் வீட்டுக்கு எப்போதும் மற்ற இரண்டையும்விட நேரம் கொஞ்சம் பிந்தியிருக்கும். அவ்வளவு உயரம் ஏறி வர வேண்டியிருக்கிறது.